ஒன்பதாயிரம் வருஷத்து பிக்சட் டெபாசிட்

2024 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு முதல் தடவையாக இந்தியாவில் கூடியது. இடம், இங்கே தில்லி பிரகதி மைதானத்தில் இருக்கும் பாரத் மண்டபம். அஸ்ஸாமின் மொய்தாம்கள், அதாவது அஹோம் அரசர்களின் சமாதி மேடுகள், அந்தக் கூட்டத்தில் பட்டியலில் சேர்ந்தன. நம் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான்.

அதே கூட்டத்தில் இன்னொரு இடமும் சேர்ந்தது. அதில் கோயில் இல்லை, கோட்டை இல்லை, சிற்பம் இல்லை. ஸ்காட்லாந்தின் வடகோடியில் கேத்னஸ், சதர்லாந்து என்ற இரண்டு வட்டாரங்களில் பரந்து கிடக்கும் ஈர நிலம். பெயர் ஃப்ளோ கண்ட்ரி. பட்டியலில் சேர்ந்த பரப்பு மட்டும் சுமார் 1,90,000 ஹெக்டேர். ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். "சேத்துக்கா சார் அவார்டு?" என்று கேட்டார்கள்.

ஆமாம், சேற்றுக்குத்தான். நம் வீட்டிலிருந்து மெட்ரோ பிடித்துப் போகிற தூரத்தில் இந்த முடிவு எடுக்கப்பட்டும் நாம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு உறுத்தல். ஏனென்றால் இந்தச் சேற்றின் கதை சுற்றுச்சூழல்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. பி.காம். படித்தவனுக்குச் சட்டென்று புரிகிற கதை. வரிச் சலுகை, மானியம், தவறான மதிப்பீடு, வாராக்கடன் எல்லாம் இதில் உண்டு. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த மரம் நடுவிழாவுக்கு நீங்கள் கொடுக்கப் போகும் ஐநூறு ரூபாய்க்கும் உண்டு.

முதலில், மூர் என்றால் என்ன? ஷெர்லாக் ஹோம்ஸ் படித்தவர்களுக்கு பாஸ்கர்வில் நாய் ஓடுகிற டார்ட்மூர் ஞாபகம் வரும். மரம் இல்லாத மேட்டு நிலம். வருஷம் முழுக்க ஈரம், காற்று, மூடுபனி. ஹெதர் என்கிற குட்டைச் செடி, கோரை மாதிரிப் புல், கால் வைத்தால் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்குகிற பாசி. கோதுமை விளையாது. ஆடு மேயும், அதுவும் அரை வயிற்றுக்கு. பார்க்கிறவர் "இவ்வளவு நிலம் வீணாக் கிடக்கே" என்றுதான் சொல்வார்.

விஷயம் காலுக்குக் கீழே இருக்கிறது. அந்தப் பாசிக்கு ஸ்பேக்னம் என்று பெயர். உலர்ந்த நிலையில் இருக்கும் தன் எடையைப் போல 20 மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்பதால் மண்ணுக்குள் காற்று போகாது. போதாததற்கு அமிலத் தன்மை வேறு. அதனால் செத்துப்போன பாசியும் செடியும் முழுக்க மக்குவதில்லை. அரைகுறையாக மக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, கரேலென்று அல்வாப் பதத்தில் ஒரு மண்ணாகிறது. இதுதான் பீட். பால்கனித் தொட்டிக்கு "கோகோ பீட்" வாங்குகிறோமே, அந்தப் பெயருக்கு மூலம் இதுதான். பிரிட்டிஷ் தோட்டக்காரர்கள் காலங்காலமாகத் தொட்டியில் போட்டது அசல் பீட் மண். அதைத் தோண்டினால் நிலம் பாழாகிறது என்ற எண்ணம் பரவியதும்தான் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்த்தூளுக்கு அங்கே இப்படி ஒரு கிராக்கி.

இந்த மண் வளரும் வேகம் வருஷத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகம் நடந்த 1010-இல் படிய ஆரம்பித்திருந்தால் இன்றைக்கு ஒரு மீட்டரைத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். ஃப்ளோ கண்ட்ரியில் சுமார் 9,000 வருஷமாகப் படிந்துகொண்டிருக்கிறது. 4,000 சதுர கிலோமீட்டர் பரப்பை ஒரு கம்பளி மாதிரிப் போர்த்தியிருப்பதால் இந்த வகைக்கு அவர்கள் வைத்த பெயரே போர்வைச் சதுப்பு.

அந்தப் போர்வைக்குள் இருக்கும் கார்பன் சுமார் 40 கோடி டன். பிரிட்டனில் உள்ள அத்தனை காடுகளிலும் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். இது முழுவதும் கரியமில வாயுவாக மாறினால் சுமார் 147 கோடி டன். இந்தியா முழுவதும் நிலக்கரி, பெட்ரோல், டீசல், கேஸ் எரித்து ஒரு வருஷத்தில் வெளியிடுவதில் ஏறக்குறைய பாதி. உலக நிலப்பரப்பில் பீட் நிலம் 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரம் செடி கொடி எல்லாவற்றிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் அதற்குள் இருக்கிறது.

எங்கள் பாஷையில் சொன்னால் இது ஒரு பிக்சட் டெபாசிட். வட்டி அற்பம். முதிர்வுத் தேதி கிடையாது. அசல் மலை மாதிரி. ஒரே ஒரு ஷரத்து: தண்ணீர் மட்டம் மேலே நிற்கிற வரைக்கும்தான் டெபாசிட் பத்திரம். தண்ணீரை வடித்துவிட்டால் மண்ணுக்குள் காற்று புகும், மக்காமல் இருந்ததெல்லாம் மக்க ஆரம்பிக்கும், கார்பன் வாயுவாகக் கிளம்பும். எடுப்பது சில பத்து வருஷங்களில் நடக்கும். திரும்பப் போட ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்.

இனிமேல்தான் கதையில் வரி வருகிறது.

1980-களில் பிரிட்டனில் உச்ச வருமான வரி 60 சதவீதம். அங்கே ஒரு சலுகை இருந்தது. காடு வளர்க்கச் செலவு செய்தால் அந்தச் செலவை உங்கள் மற்ற வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதாவது 100 பவுண்டு செலவழித்து மரம் நட்டால் 60 பவுண்டு வரியில் மிச்சம். அதற்கு மேல் அரசு மானியம் தனி. இப்படி ஒரு கதவு திறந்திருந்தால் என்ன நடக்கும் என்று மார்ச் மாதம் 80சி-க்கு ஓடிய நமக்குத் தெரியாதா? :-) மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத பாடகர்கள், டெலிவிஷன் பிரபலங்கள், விளையாட்டு வீரர்கள் எல்லாரும் முதலீட்டு ஆலோசகர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

மரம் நட மலிவான நிலம் வேண்டும். எது மலிவு? எதற்கும் உதவாது என்று பெயர் வாங்கிய நிலம். கேத்னஸ், சதர்லாந்து சதுப்பில் ராட்சதக் கலப்பைகளை இறக்கி ஆழமாக உழுதார்கள். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். வட அமெரிக்காவைச் சேர்ந்த சிட்கா ஸ்புரூஸ், லாட்ஜ்போல் பைன் இரண்டையும் வரிசை வரிசையாக நட்டார்கள். இப்படிப் போனது சுமார் 67,000 ஹெக்டேர், அதாவது 1,65,000 ஏக்கர். மொத்தச் சதுப்பில் ஆறில் ஒரு பங்கு.

கவனியுங்கள், யாரும் சட்டத்தை மீறவில்லை. லஞ்சம் கிடையாது. எல்லாரும் மரம்தான் நட்டார்கள். போட்டோ எடுத்தால் பச்சைப் பசேல் என்று இருந்திருக்கும்.

1987-இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே, நேச்சர் கன்சர்வன்சி கவுன்சில் என்று பெயர், ஒரு அறிக்கை போட்டது. இந்தச் சதுப்புக்கு உலகத்தில் ஈடு இணை குறைவு, இங்கே மரம் நடுவதை நிறுத்த வேண்டும் என்று. அறிக்கை சரி. ஆனால் அதை வெளியிட்ட இடம் லண்டன். உள்ளூர்க்காரர்களுக்கு வந்ததே கோபம்! வேலைவாய்ப்பு இல்லாத வட்டாரம், மரம் நடுவதால் நாலு பேருக்குச் சம்பளம் கிடைக்கிறது, எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு பறவைக்காக எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அந்தக் கவுன்சில் 1991-இல் உடைக்கப்பட்டு வெவ்வேறு அமைப்புகளானது. இந்த அறிக்கைக்கும் அந்த உடைப்புக்கும் முடிச்சுப் போடுபவர்கள் இன்றும் உண்டு.

ஆனால் மரம் நடுவது உடனே நின்றதற்குக் காரணம் பறவை இல்லை, பட்ஜெட். 1988 மார்ச்சில் நிதியமைச்சர் நைஜல் லாசன் அந்த வரிச் சலுகையை எடுத்துவிட்டார். அதே பட்ஜெட்டில் உச்ச வரியும் 60-இலிருந்து 40 சதவீதமானது. கணக்கு மாறியதும் சதுப்பில் மரம் நடும் ஆர்வமும் ஆவியாகிவிட்டது. மரத்தின் மேல் ஆசை என்று சொன்னதெல்லாம் எதன் மேல் ஆசை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

நட்ட மரங்களின் கதி? சதுப்பில் பல இடங்களில் அவை தேறவில்லை. வளர்ந்த மரங்களோ வேரால் தண்ணீரை இழுத்து, கிளையால் மழையைத் தடுத்து, நிலத்தை மேலும் காய வைத்தன. பீட் சுருங்கி வெடித்தது. திறந்த வெளியில் தரையில் முட்டையிடும் டன்லின், கிரீன்ஷாங்க், கோல்டன் ப்ளவர் போன்ற பறவைகள் மரத்தோப்பு இருக்கும் பக்கத்தை ஒதுக்க ஆரம்பித்தன. தோப்பின் ஓரத்திலிருந்து பல நூறு மீட்டர் தூரத்துக்கு இந்தப் பாதிப்பு தெரிகிறது என்கிறது ஆய்வு. காக்கைக்கும் நரிக்கும் தோப்பு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது என்பது ஒரு காரணம்.

1995-இல் பறவைகள் பாதுகாப்புக்கான ராயல் சொசைட்டி ஃபோர்சினார்டு என்ற இடத்தில் நிலத்தை விலைக்கு வாங்கி, நட்ட மரத்தை வெட்டவும் வெட்டிய வாய்க்காலை அடைக்கவும் ஆரம்பித்தது. இன்று அவர்கள் கையில் 21,000 ஹெக்டேருக்கு மேல் இருக்கிறது. ஸ்காட்லாந்து அரசு 2020-இல், 10 வருஷத்தில் 25 கோடி பவுண்டு செலவழித்து 2,50,000 ஹெக்டேர் பீட் நிலத்தைச் சீராக்குவோம் என்று அறிவித்தது. நட்டதற்கு வரிப் பணம் போனது. பிடுங்குவதற்கும் வரிப் பணமே போகிறது. இடையில் லாபம் பார்த்தவர்கள் மட்டும் கணக்கில் இல்லை.

பிடுங்கினால் சரியாகிவிடுமா? இதை ஆராய்ச்சியாளர்கள் அந்த நிலத்திலேயே கோபுரம் நட்டு, கருவி வைத்து அளந்தார்கள். 2019-இல் வந்த ஆய்வு முடிவு இது. மரத்தை வெட்டிச் சீராக்கி 10 வருஷம் ஆன ஒரு இடம், அப்போதும் கார்பனை வெளியேதான் விட்டுக்கொண்டிருந்தது. 16 வருஷம் ஆன இன்னொரு இடம், உள்ளே இழுக்க ஆரம்பித்திருந்தது. அதாவது எல்லாம் சரியாகச் செய்தாலும் கணக்கு மைனஸிலிருந்து பிளஸுக்கு வரவே பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல். நம் வங்கியில் இப்படி ஒரு கணக்கு இருந்தால் என்ன பெயர் வைப்போம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது பருவநிலை மாற்றத்துக்கு வருவோம். 2013-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. போர்வைச் சதுப்புக்கு ஏற்ற குளிரும் ஈரமும் உள்ள இடங்கள் இந்த நூற்றாண்டில் வெகுவாகக் குறையும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: எப்படியும் அழியப் போகிறது, அதற்கு எதற்கு 25 கோடி பவுண்டு?

இதற்கு 2019 மே மாதம் பதில் சொன்னது. ஃப்ளோ கண்ட்ரியில் தீப்பிடித்து ஆறு நாள் எரிந்தது. வெளியான வாயு சுமார் 7 லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமம், அந்த ஆறு நாளும் ஸ்காட்லாந்தின் மொத்த வெளியீடு இரட்டிப்பானது என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஸ்காட்லாந்து வெளியிட்ட கணக்கு சொன்னது. ஆனால் ஈரம் குறையாத, நல்ல நிலையில் இருந்த சதுப்பில் தீயின் பாதிப்பு குறைவு. வாய்க்கால் வெட்டிக் காய்ந்த பகுதியில்தான் அதிகம். நல்ல சதுப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. மழைக்காலத்தில் உப்பும், கோடையில் இறங்கும். மூச்சு விடுவது போல. சாட்டிலைட் ரேடாரை வைத்து இந்த ஏற்ற இறக்கத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, எந்தச் சதுப்பு ஆரோக்கியமாக இருக்கிறது, எது நோயாளி என்று இப்போது சொல்கிறார்கள். தண்ணீர் மட்டம் குறைந்தால் மேல்பரப்பும் கூடவே இறங்கி, பாசியின் கால் நனைந்தே இருக்கும். இதுதான் அதன் தற்காப்பு. வடிகால் வெட்டிக் கெட்டிப்பட்ட நிலத்துக்கு இந்தத் தற்காப்பு கிடையாது.

மந்தநிலை வரப் போகிறது என்று தெரிந்தால் ஒரு வங்கி என்ன செய்யும்? மூலதனத்தைக் கூட்டி வைக்கும். "எப்படியும் நஷ்டம்தான், இருப்பதையும் பிரித்துக் கொடுத்துவிடலாம்" என்று எந்தச் சேர்மனும் சொல்ல மாட்டார். சூடு கூடக் கூட இந்த நிலத்தை ஈரமாக வைத்திருக்கும் செலவு அவசியமாகிறதே தவிர வீணாவதில்லை.

மரம்தான் மூருக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குக் கிழக்கே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் கதை வேறு. ஒரு காலத்தில் உலகத்துக்கே துணி நெய்து, நம் நெசவாளர் வீட்டு அடுப்பை அணைத்த அதே லங்காஷயர் மில்களின் நிலக்கரிப் புகை அங்கே அமிலமாக இறங்கி ஸ்பேக்னத்தைக் கொன்றுவிட்டது. பாசி போனதும் பீட் வெறும் மண்ணாக நின்று, மழையில் அரித்து ஆற்றுக்குப் போனது. 2003-இல் மூர்ஸ் ஃபார் தி ஃப்யூச்சர் என்ற கூட்டமைப்பு வந்தது. ஹெலிகாப்டரில் கல்லைக் கொண்டுபோய் ஓடைப் பள்ளங்களை அடைத்தார்கள். சுண்ணாம்பு தூவினார்கள், புல் விதைத்தார்கள், ஸ்பேக்னத்தைக் கைப்பிடி கைப்பிடியாக நட்டார்கள். பாசி திரும்ப வந்த இடங்களில் மழைத் தண்ணீர் கீழே ஓடிவரும் வேகம் குறைவதை அளந்து காட்டினார்கள். வெள்ளத்துக்குப் பயப்படும் கீழ் ஊர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? மூர் பிழைக்க வேண்டும் என்பது மலைமேல் இருக்கும் பறவையின் பிரச்சினை மட்டும் இல்லை.

சரி, பிரிட்டனின் சேறு நமக்கு எதற்கு? காரணம் இருக்கிறது.

நீலகிரியின் உச்சியிலும் பீட் உண்டு. பள்ளத்தாக்கில் மட்டும் சோலைக்காடு, மேடு முழுக்கப் புல்வெளி, நடுநடுவே சதுப்பு என்பதுதான் அந்த மலையின் இயற்கை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் அந்தச் சதுப்பு மண்ணை எடுத்து ஆராய்ந்து 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். புல்லின் கார்பனுக்கும் மரத்தின் கார்பனுக்கும் சிறிய வித்தியாசம் உண்டு. அதை வைத்து 20,000 வருஷத்துக்குப் பருவமழை எப்படிக் கூடியது குறைந்தது, மலையில் புல் எப்போது ஓங்கியது, மரம் எப்போது ஓங்கியது என்று படித்துக் காட்டினார்கள். நம் பருவமழையின் பழைய பாஸ்புக் அந்த மண்ணில் இருக்கிறது. அதில் முதல் பக்கத்திலிருந்தே புல் இருக்கிறது. யாரோ காட்டை வெட்டியதால் வந்த புல் இல்லை அது.

ஆனால் வெள்ளைக்காரன் பார்வையில் மரம் இல்லாத மலை வெறும் மலை. ரெவின்யூ தராத நிலத்துக்கு தரிசு என்று பெயர். வாட்டில், யூகலிப்டஸ், பைன் எல்லாம் வந்தன. விறகுக்கு, தோல் பதனிட, பிறகு விஸ்கோஸ் ஆலைக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நிறுத்தவில்லை, வேகத்தைக் கூட்டினோம். பழனி மலையில் 40 வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது, முக்கியக் காரணம் மரத்தோட்டமும் விவசாயமும் என்று 2018-இல் வந்த சாட்டிலைட் ஆய்வு சொல்கிறது. கொடைக்கானலில் பைன் மரத்தடியில் நின்று குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, அது காடு இல்லை, தோட்டம். வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். வெட்டினால் அடுத்த மழைக்கு ஆயிரமாக முளைக்கும். இங்கேயும் நட்டது சுலபம், எடுப்பதுதான் பாடு. 2022-இல் தமிழக அரசு வரையாட்டுக்காகத் தனித் திட்டம் அறிவித்தது. வரையாடு புல்வெளியில் வாழும் விலங்கு. புல்லைக் காப்பாற்றாமல் மாநில விலங்கைக் காப்பாற்ற முடியாது.

என் கவலை பழசைப் பற்றி இல்லை, வரப்போவதைப் பற்றி. 2023 அக்டோபரில் மத்திய அரசு கிரீன் கிரெடிட் விதிகளை அறிவித்தது. 2024 பிப்ரவரியில் மரம் நடுவதற்கான முறை வந்தது. ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம், ஒரு மரத்துக்கு ஒரு கிரெடிட். இடம், வனத்துறை அடையாளம் காட்டும் சிதைந்த நிலம். அந்தப் பட்டியலில் புதர் நிலமும் தரிசும் உண்டு. விமர்சனம் வந்ததும் 2025 ஆகஸ்டில் திருத்தினார்கள். நட்டவுடன் இல்லை, 5 வருஷம் கழித்து, மரக்கிளைகள் குறைந்தது 40 சதவீதம் நிலத்தை மூடியிருந்தால்தான் கிரெடிட். மரம் பிழைத்ததா என்று பார்ப்பது நல்ல முன்னேற்றம். ஆனால் யோசித்துப் பாருங்கள், நல்ல புல்வெளியில் மரம் 40 சதவீதம் ஒருநாளும் மூடாது. இந்த அளவுகோலில் உலகத்தின் அருமையான புல்வெளிக்கு மார்க் பூஜ்யம். அதை அழித்து நட்ட யூகலிப்டஸுக்கு முழு மார்க்.

எங்கள் தொழிலிலும் இது வந்தாயிற்று. ரிசர்வ் வங்கியின் பசுமை டெபாசிட் வழிமுறை 2023 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கொடுக்கக்கூடிய துறைகளில் காடு வளர்ப்பும் ஒன்று. நல்ல திட்டம்தான், நான் எதிர்ப்பு இல்லை. என் பயமெல்லாம் இதுதான்: எண்ணுவதற்குச் சுலபமானதற்குத்தான் பணம் போகும். நட்ட மரத்தை எண்ணலாம். வெட்டாமல் விட்ட வாய்க்காலை யார் எண்ணுவார்கள்? ஒன்றும் செய்யாமல் விட்டுவைத்த புல்வெளிக்கு எந்த பேலன்ஸ் ஷீட்டில் இடம்? 1980-களின் பிரிட்டனிலும் தவறு மனிதர்களிடம் இல்லை, அளவுகோலில் இருந்தது. மரம் என்றால் வரவு, மரம் இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுதிய கணக்கு அது.

"அப்படியானால் மரமே நட வேண்டாம் என்கிறீரா?" என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். தில்லித் தெருவில் நடுங்கள், ஊரில் ஏரிக்கரையில் நடுங்கள், காடு இருந்து அழிந்த இடத்தில் அந்தக் காட்டு மரத்தையே நடுங்கள். புண்ணியம். மரம் இல்லாமல் இருப்பதே இயல்பான இடத்தில் மட்டும் வேண்டாம் என்கிறேன். சர்க்கரை நல்ல பொருள், அதற்காக ரசத்தில் போடுவோமா?

இன்னொன்று, லண்டனில் வெளியிட்ட அறிக்கையின் பாடம். தோடர்கள் எருமை மேய்த்த மலையைப் பற்றி அவர்களைக் கேட்காமல் சென்னையோ தில்லியோ முடிவு செய்தால் அது சரியான முடிவாக இருந்தாலும் நிலைக்காது. வாட்டில் மரத்தை எடுப்பதில் கூலி இருக்கிறது, புல் விதை சேகரிப்பதில், நாற்று வளர்ப்பதில் வேலை இருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சம்பளம் போக வேண்டும். அப்போதுதான் அது அவர்கள் திட்டமாகும்.

வெளியூரில் உட்கார்ந்திருக்கும் நம்மால் என்ன முடியும்? நம்மில் பலர் கம்பெனிகளில் சி.எஸ்.ஆர். கமிட்டியில் இருக்கிறோம், குடியிருப்பு சங்கங்களில் இருக்கிறோம், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு "ஊரில் உங்கள் பெயரில் ஒரு மரம்" என்று ஆன்லைனில் பணம் கட்டுகிறோம். லோன் கேட்டு வருபவரிடம் நாங்கள் நாலு கேள்வி கேட்போம். அதே மாதிரி மரம் நடப் பணம் கேட்பவரிடமும் நாலு கேள்வி கேளுங்கள்.

1. நடப்போகும் இடத்தில் இதற்கு முன்னால் என்ன இருந்தது? "ஒன்றும் இல்லை, தரிசு" என்று பதில் வந்தால் விடாமல் மேலே கேளுங்கள்.

2. எந்த மரம்? அந்த வட்டாரத்து மரமா, சீக்கிரம் வளர்கிறது என்பதற்காகக் கொண்டுவந்ததா?

3. எத்தனை நட்டீர்கள் என்பது வேண்டாம். 5 வருஷத்துக்கு முன் நட்டதில் இன்று எத்தனை இருக்கிறது?

4. அங்கே மேய்ப்பவர்கள், தண்ணீர் எடுப்பவர்கள் யார்? அவர்களைக் கேட்டீர்களா?

இந்த நாலுக்கும் நேரான பதில் சொல்பவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். சொல்லாதவரிடம், புல்வெளி மீட்புக்கு ஏதாவது திட்டம் உண்டா, அதற்குத் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவர்கள் கூடினால் திட்டமும் வரும். சந்தை அப்படித்தான் வேலை செய்கிறது. லாசனின் ஒரு பட்ஜெட் வரி கலப்பைகளை நிறுத்தியது என்றால், ஆயிரம் குடும்பங்கள் கேட்கும் கேள்வி எதையாவது நிறுத்தாதா?

அடுத்த கோடை லீவில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது பிள்ளைகளுக்குப் பைன் மரத்தைக் காட்டுங்கள், பரவாயில்லை. அப்படியே கொஞ்சம் தள்ளிப் போய், மரமே இல்லாத ஒரு புல் மேட்டையும் காட்டுங்கள். "இங்கே ஏன்ப்பா ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டால் பதில் சொல்ல இப்போது உங்களிடம் விஷயம் இருக்கிறது.